ஊர் தேர்ந்து வீடு தேர்க

ஆண்டு முடிந்து ஆண்டு பிறக்குங் காலம் நம் ஆசிரிய உலகுக்கு இடமாற்றக் காலமுமாகும். வலயக் கல்வி அலுவலகத்துக் கடிதம் கைக்கெட்டியதும் குடும்பத்தில் எழும் முதல் வினா, ‘எந்தப் பாடசாலை?’ என்பது. இரண்டாவது வினா, ‘எங்கே இருப்பது?’ என்பது. முதல் வினாவுக்குரிய விடை கடிதத்திலேயே உளது. இரண்டாவதற்கு விடை தேடித் தரகரிடத்தும், உறவினர் வீட்டிலும், பத்திரிகை விளம்பரப் பத்தியிலும், இக்காலத்துக் கைத்தொலைபேசித் திரையிலும் நம்மவர் அலைகின்றனர். ஆசிரியர் மட்டுமோ? பல்கலைக்கழகம் புகும் மாணவர், மருத்துவமனைத் தாதியர், வங்கி எழுதுவினைஞர் ஆகிய யாவர்க்கும் இவ்வலைச்சல் பொதுவானது.

வீடு தேடுவார் வினவுவன யாவை? அறைகள் எத்தனை, வாடகை எவ்வளவு, முற்பணம் எத்தனை மாதத்துக்கு, பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம் என்பன. இவையெல்லாம் வேண்டிய வினாக்களே. வரையறுத்த ஊதியத்தில் வாழ்பவர் வாடகையைக் கேளாது வேறெதைக் கேட்பது? ஆயினும் இவ்வினாக்கள் யாவும் சுவருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. வீடு ஓர் ஊரில் இருக்கின்றது. ஊர் ஒரு நிலத்தில் இருக்கின்றது. அந்நிலத்துக்கென ஒரு நீரும், ஒரு காற்றும், ஒரு மழைக்காலமும், ஓர் அயலும் உள. சுவருக்கு வெள்ளையடிக்கலாம், கூரைக்கு ஓடு மாற்றலாம். நீரையும் நிலத்தையும் அயலையும் மாற்ற வாடகைக்கு வந்தவனால் ஆகாது. ஆகலின் முதலில் ஊரைத் தேர்ந்து, பின்னர் வீட்டைத் தேர்தலே முறை என்பது நம் கருத்து.

நமது இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர் பரப்புடைய சிறு தீவே. உலகப் படத்தில் ஒரு விரல்நுனி மறைத்துவிடும். ஆனால் இச்சிறு தீவினுள் அமைந்த வேற்றுமையோ பெரிது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈர வலயமும் இங்குண்டு. 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெறும் உலர் வலயமும் இங்குண்டு. யாழ்ப்பாணத்தில் விசிறி சுழன்றும் வியர்க்கின்ற ஏப்பிரில் இரவில், ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் கம்பளி போர்த்து உறங்குகின்றனர். தென்மேற்கிலே மே மாதத்தில் வெள்ளம். வடகிழக்கிலே அம்மாதத்தில் வறட்சி. எனவே ஓரிடத்தில் வீடு பார்த்துப் பழகிய கண், மற்றோரிடத்தில் உதவாது போதலுங்கூடும். கொழும்பில் வளர்ந்தவர் யாழ்ப்பாணத்தில் வீடு பார்க்கும்போது கிணற்றை எட்டிப் பார்க்க மறந்துவிடுகின்றார். யாழ்ப்பாணத்தவர் மலைநாட்டில் வீடு பார்க்கும்போது வீட்டின் பின்னுள்ள மண்சரிவை நோக்காது, முன்னுள்ள காட்சியை மெச்சி நிற்கின்றார்.

நிலத்தை அறிந்து வாழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தைப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பொழுதும் நீரும் தொழிலும் உணவும் வகுத்துரைத்தது நம் இலக்கணம். இவற்றைத் தேர்வுக்கு மனனஞ் செய்யும் பொருளாக மாத்திரம் நாம் ஆக்கிவிட்டோம். கருப்பொருளைப் பத்து மதிப்பெண்ணுக்கு ஒப்புவிக்கும் மாணவன், தன் வீட்டுக் கிணறு எம்மாதத்தில் வற்றுமென்பதை அறியான். திணையறிவு ஏட்டளவில் நின்றுவிட்டமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் நம் மொழி அவ்வறிவை முற்றும் இழந்துவிடவில்லை. ஊர்ப்பெயர்களை உற்று நோக்குக. குளம், மடு, மோட்டை, வில் என முடியும் பெயர்கள் நீர் தங்கும் இடத்தைக் காட்டுவன. திடல், மேடு என்பன உயர்ந்த தரையைக் குறிப்பன. துறையும் முனையும் கடலையோ களப்பையோ அடுத்தவை. சிங்கள ஊர்ப்பெயர்களிலும் இவ்வாறே தெனிய என்பது தாழ்ந்த வயல் நிலத்தையும், வில என்பது நீர்நிலையையும், கந்த என்பது குன்றையும் சுட்டும். மோட்டையைத் தூர்த்து மண்ணிட்டு நிரப்பி, வளவு பிரித்து, புதுப்பெயர் சூட்டி விற்பவர் பழம்பெயரை மறைக்கலாம். மாரி மழை அப்பெயரை மறப்பதில்லை. வீடு தேடிச் செல்பவர் அவ்வூரின் பழைய குறிச்சிப் பெயரை முதியவர் ஒருவரிடம் வினவுவாராயின், தரகர் சொல்லாத செய்தி ஒன்று கிடைத்தலும் கூடும்.

இனி, நோக்கற்பாலனவற்றுள் முதலாவது நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் மழைநீர் ஊறித் தேங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலைப் பள்ளிச் சிறாரும் அறிவர். அங்குக் காணப்படுவதே குடாநாட்டின் பல கிணறுகளுக்கும் அடிப்படை. மேலுள்ள நன்னீரை மிகையாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும். ஒரு வளவுக்கு ஒரு வீடிருந்த காலத்தில் துலாவும் கப்பியும் இறைத்த கிணற்றிலிருந்து, இன்று நாலு வீடுகள் மின்னிறைப்பி வைத்து உறிஞ்சுகின்றன. ஆதலால் ‘கிணறு உண்டா?’ என்று கேட்டல் போதாது. ‘ஆவணியிலும் புரட்டாதியிலும் அது எப்படியிருக்கும்?’ என்று கேட்டல் வேண்டும். மாரி முடிந்த தை மாதத்தில் எல்லாக் கிணறும் இனிக்கும்.

அவ்வாறே மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள இடைத்தூரத்தைக் காலடியால் அளந்து பார்த்தலில் நாணம் வேண்டா. ஐம்பது அடியேனும் இல்லையேல் அந்நீரைக் குடித்தற்கு அஞ்சுக. சுண்ணக்கல் நிலத்தில் அழுக்கு இடுக்கு வழியே விரைந்து பரவுமாதலின் அவ்வளவுங்கூடப் போதாமற் போகலாம். செறிவாக உரமிடும் தோட்டங்களை அடுத்த கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வாளர் பலகாலும் எடுத்துக் காட்டியுள்ளனர். சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரும் பொதுப் பிரச்சினையாயிற்று. வடமத்திய மாகாணத்திலோ, காரணம் முற்றும் தெளியாத சிறுநீரக நோய் 1990களில் அறியப்பட்ட நாள்தொட்டு, குடிநீர் பற்றிய ஐயம் குடும்பந்தோறும் நுழைந்துள்ளது. கண்ணுக்குத் தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று. குழந்தைகள் உள்ள குடும்பம் கிணற்று நீரைச் சோதித்துப் பார்த்தபின் குடிபுகுதல், மிகையான அச்சமாகாது.

இரண்டாவது நிலம். இதில் நாம் கூற விரும்பும் விதி ஒன்றே: வீடு பார்க்கும் பருவத்துக்கு எதிர்ப்பருவத்தை வினவுக. கோடையிற் பார்க்கும் வீட்டுக்கு மாரியைக் கேட்க. மாரியிற் பார்க்கும் வீட்டுக்குக் கோடையைக் கேட்க. உரிமையாளர் மறந்திருந்தாலும் சுவர் மறப்பதில்லை. தரையிலிருந்து ஒரு முழ உயரத்திற் கோடிட்டாற்போல் நிற்கும் கறை, அடிக்கதவில் உப்பிய பலகை, மதிலின் அடியிற் படிந்த சேறு ஆகியன சென்ற வெள்ளத்தின் எழுத்துக்கள். 2016 மே மாத வெள்ளத்திற் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலை முதலிய களனி கங்கைத் தாழ்நிலங்களில் வாடகைக்கு இருந்தோர், நகருக்கு அணித்தாகக் குறைந்த வாடகையில் வீடு கிடைத்ததன் காரணத்தை நீர் புகுந்த அன்றே அறிந்தனர். வாடகை அயலினும் மிகக் குறைந்திருப்பின், மகிழ்வதற்கு முன் காரணத்தைக் கேட்பது அறிவுடைமை.

மலைநாட்டிற் கேட்கவேண்டிய கேள்வி வேறு. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி முதலிய மாவட்டங்கள் மண்சரிவுக்கு இலக்கானவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் அபாயப் பகுதிகளைப் படமிட்டு வைத்துள்ளது. வீட்டின் பின்னுள்ள மண்ணில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமும் கம்பமும், இதற்குமுன் இல்லாத இடத்திற் கசியும் சேற்று ஊற்று, காரணமின்றி இறுகிக்கொள்ளும் கதவு ஆகியன மலை முன்கூட்டிச் சொல்லும் செய்திகள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலின்போது, மலைச்சரிவுகளும் ஆற்றுத் தாழ்நிலங்களும் ஒருங்கே அழிவு கண்டமையை நாம் மறத்தல் தகாது.

கரையோரத்தார்க்குக் கடல் அழகும் அச்சமுமாகும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும், 2004 டிசெம்பர் 26இல் இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட ஆழிப்பேரலையும் கீழைக்கரைக் குடும்பங்களின் நினைவிலிருந்து நீங்கியன அல்ல. அதற்காகக் கரையை விட்டு ஓடுக என்று நாம் கூறவில்லை. கடலை நம்பி வாழ்பவர் கடலருகே வாழ்வர். ஆனால் புதிதாகக் குடிபுகுபவர், மேட்டுநிலத்துக்குச் செல்லும் வழி எது, இரவில் அவ்வழி திறந்திருக்குமா என்பதை முதல்நாளே நடந்து பார்த்தல் நலம்.

மூன்றாவது காற்று. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தவர் நாம். வைகாசி தொடங்கிப் புரட்டாதிவரை வீசும் சோளகத்துக்குச் சாளரம் திறந்திருக்கும் யாழ்ப்பாணத்து வீடு, விசிறியின்றியும் உறங்கத்தரும். அதே காலத்தில் மட்டக்களப்பிற் கச்சான் காற்று வெம்மையும் வறட்சியும் கொண்டு வரும். அங்கு மேற்குச் சுவருக்கு ஒரு வேம்பின் நிழல், ஒரு மாத வாடகைக்கு ஒப்பானது. முன்னையோர் முற்றமும் திண்ணையும் நாற்சாரமும் அமைத்தது அழகு நோக்கி மட்டுமன்று, காற்றுக்கு வழிவிடுதற்காகவுமே. இன்று நகரங்களில் எழும் தொடர்மாடிகளிற் பல, வெப்ப நாட்டின் வெயிலையும் மழையையும் அறியாதவர் வரைந்தன போலத் தோன்றுகின்றன. தட்டையான சீமெந்துக் கூரையின் கீழ் உள்ள மேல்மாடியைப் பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று பார்க்க. காலையிற் பார்த்து முற்பணம் கொடுத்துவிட்டு, மின்கட்டணச் சிட்டை வந்தபின் வருந்துதல் பயனில செய்கை. ஓடாத நீர்க்கான்களையும், நீர் தேங்கும் கூரைப்பீலிகளையும் பார்த்தல் மறவற்க. 2017ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர்.

இம்மட்டும் நாம் கூறியன உடலுக்கு உரியன. இனிக் கூறப்போவன மனத்துக்கும் கடமைக்கும் உரியன.

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே கடலுக்கும் களப்புக்கும் இடையிலுள்ள பகுதியை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாய்ப் பரந்த பகுதியைப் படுவான்கரை என்றும் அந்நாட்டவர் வழங்குவர். பொழுது எழும் கரை அது. பொழுது படும் கரை இது. எழுவான்கரையிற் பெருந்தெருவும், பட்டினமும், பெயர்பெற்ற கல்லூரிகளும் உள. படுவான்கரையில் நெல் உண்டு, பால் உண்டு, பிள்ளைகளும் உண்டு. ஆசிரியரோ பெரும்பாலும் காலையில் அக்கரையிலிருந்து வந்து, மணி அடித்ததும் அக்கரைக்கு மீள்வர். ‘பாதை’ என அவ்வூரார் வழங்கும் மிதவையிற் களப்பைக் கடந்த காலத்திலும் இதுவே நிலை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் பயணம் எளிதாயிற்று. ஆனால் பயணம் எளிதாகுந்தோறும் ஊரிலே தங்குவார் தொகை பெருகுவதில்லை. வன்னியிலும் தீவகத்திலும் மலைநாட்டுத் தோட்டப்புறங்களிலும் இக்கதையே வெவ்வேறு ஊர்ப்பெயரோடு நிகழ்கின்றது.

ஆகவே ‘எங்கே வீடெடுப்பது?’ என்ற வினா, ஆசிரியர் திறத்தில் வாடகைக் கணக்காக மட்டும் நின்றுவிடுவதில்லை. பட்டினத்தில் வீடெடுத்துக் கிராமத்துப் பள்ளிக்கு நாள்தோறும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய்வரும் ஆசிரியர், பிள்ளைகளுக்குப் பாடத்தைக் கொடுக்கின்றார்; அவ்வூரில் தங்கும் ஆசிரியர் தம்மையும் கொடுக்கின்றார். மாலையில் வாசிகசாலைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆசிரியரிடம், வகுப்பிற் கேட்க அஞ்சிய கேள்வியை மாணவன் வந்து கேட்பான். பாடசாலைக்கு மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுப் படலை, அவ்வூரில் வாழும் ஆசிரியர் நடந்து செல்லும் வழியில் இருக்கும். வயலில் நெல் அறுக்கும் காலமும், தந்தை கடலுக்குச் செல்லும் காலமும் அறிந்த ஆசிரியர், வரவுப் பதிவேட்டை வேறு கண்கொண்டு படிப்பார்.

இதனைக் கூறும்போது எதிர்ப்பக்கத்து நியாயங்களை மறைத்தல் நேர்மையாகாது. ஆசிரியரின் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டும். துணைவர் தொழில் பட்டினத்தில் இருக்கலாம். முதியோர்க்கு மருத்துவமனை அண்மையில் வேண்டும். தனித்து வரும் இளம் ஆசிரியைக்குக் கிராமத்தில் நம்பத்தக்க ஓர் அறை கிடைத்தல் எளிதன்று. பல ஊர்களில் வாடகைக்கு விடத்தக்க வீடே இல்லை. முன்னர்க் கட்டிய ஆசிரியர் விடுதிகள் போரிலும் புறக்கணிப்பிலும் சிதைந்து, ஆலும் அரசும் முளைத்துக் கிடக்கின்றன. எனவே ‘ஆசிரியரே, ஊரில் வந்து தங்குக’ என்று உபதேசிப்பதோடு கடமை முடிந்ததென எண்ணுவோர், கடமையின் பாதியையே அறிந்தவராவர். நல்ல ஆசிரியர் வேண்டுமென விரும்பும் ஊர், நல்ல ஓர் அறையையும் நல்ல ஒரு கிணற்றையும் முன்கூட்டி ஆயத்தஞ் செய்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து பணம் திரட்டி நுழைவாயில் வளைவு கட்டுவதை நாம் காண்கின்றோம். அவ்வளவு பணத்தில் இரண்டு அறைகொண்ட ஆசிரியர் விடுதி ஒன்றைப் புதுக்கியிருந்தால், அவ்வூர்ப் பிள்ளைகள் எத்துணைப் பயன் பெறுவர்! இடமாற்றஞ் செய்யும் அதிகாரிகளும், கடிதத்திற் பாடசாலையின் பெயரை எழுதுவதோடு அமையாது, வருபவர் தங்குதற்கு இடமுண்டா என்பதை அதிபரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

ஆசிரியர் இளையராய், தனியராய், ஈராண்டோ மூவாண்டோ கடமையாற்ற வந்தவராயின், ஊரில் தங்குதலை முதலிற் கருதிப் பார்க்க. குடும்பத்தோடு வருபவர், பட்டினத்துக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட ஊரொன்றைத் தேர்ந்து, இரண்டு பக்கத்துத் தூரத்தையும் பகிர்ந்துகொள்ளலாம். எவ்விடத்துத் தங்கினும், பஸ்ஸின் நேரம் தம் கற்பித்தலின் எல்லையாகிவிடாமற் பார்த்துக்கொள்வதே சிறப்பு.

வீடு தேடுவார் வினவுவன பற்றி இதுவரை பேசினோம். வீடு கொடுப்பார் வினவுவது பற்றியும் சில கூறல் வேண்டும். ‘எந்த ஊர்? எவடம்? யாருடைய ஆட்கள்?’ என்று நம் பகுதிகளிற் கேட்கும் கேள்வி, அறிமுகத்துக்கென எழும் கேள்வி போலத் தோன்றும். அதன் உட்கிடை யாதென்பதைக் கேட்பவரும் அறிவர், கேட்கப்படுபவரும் அறிவர். சாதி அறிந்து கதவைச் சாத்துவதற்கு எழும் கேள்வி அது. மலைநாட்டிலிருந்து வடக்கே நியமனம் பெற்று வரும் ஆசிரியரிடம் ‘வீடு ஏற்கெனவே பேசியாயிற்று’ எனச் சொல்லி, மறுநாளும் அவ்வீட்டுக்கு ஆள் தேடும் வழக்கம் நம்மிடையே அறவே இல்லையெனத் துணிந்து கூற யாரால் இயலும்? வேற்று மதத்தவர்க்கும், தனித்து வாழும் பெண்ணுக்கும் இதே விடை.

2007 யூன் 7ஆந் தேதி, கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர், தமிழர் என்பதால் இரவோடிரவாகப் பஸ்களில் ஏற்றி வவுனியாவை நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வாடகை கொடுத்து, பதிவு செய்து, உரிய சான்றுகள் வைத்திருந்தவர்க்கும் ஒரு கட்டில் அளவு இடம் நிலையாதிருந்த அந்நாளை நாம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டா. பிறப்பை நோக்கி இடம் மறுக்கப்படும்போது உண்டாகும் வலியை அவ்வாறு அறிந்த ஒரு சமூகம், தன் ஒழுங்கையில் தன் படலையில் அதே வலியை இன்னொருவருக்குக் கொடுத்தல் எவ்வாறு பொருந்தும்? அரசு செய்தால் அநீதி. அயலார் செய்தால் வழக்கமோ?

சிலப்பதிகாரத்தில் ஓரிடம் ஈண்டு நினைத்தற்குரியது. மதுரைப் புறஞ்சேரியில், முன்பின் அறியாத வணிகர்குலப் பெண்ணொருத்தியைக் கவுந்தியடிகள் அடைக்கலமாகத் தந்தபோது, ஆயர்குல மாதரி அவளைத் தன்னிடத்துக்கு அழைத்துச் சென்றாள். தன் மகள் ஐயையையே அவளுக்குத் துணையாக வைத்தாள். அடைக்கலக் காதையை ஆண்டுதோறும் வகுப்பறையில் விரித்துரைக்கும் நாம், நம் வீட்டு முன்னறையை வாடகைக்கு விடும்போது மாதரியை நினைத்துக்கொள்ளுதல் நன்று. கொடுப்பவர் கேட்டறியத்தக்கன உள: தொழில் யாது, எத்தனை பேர், எத்துணைக் காலம், வாடகை தவறாது வருமா என்பன. அவற்றுக்கு அப்பாற்பட்ட கேள்விக்குப் பயன் யாதுமில்லை.

உரிமையாளர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. தம் வீட்டின் குறையை மறையாது சொல்லுதல் அது. மாரியில் முற்றத்தில் நீர் நிற்கும், ஆவணியிற் கிணறு உவர்க்கும், பின்மதில் சாய்ந்துள்ளது எனக் கூறிவிட்டு அதற்கேற்ற வாடகை பேசுபவர், பணத்திற் சிறிது குறைந்தாலும் நம்பிக்கையிற் குறையார். மறைத்துக் கொடுப்பவர் வீடு ஆண்டுதோறும் ஆள் மாறும். தரகர்க்கு மட்டுமே அதனாற் பயன்.

இருபாலார்க்கும் பொதுவான ஒன்று எழுத்து. வாய்ச்சொல்லை நம்பி வீடு கொடுத்தலும் எடுத்தலும் நம்மவரிடை மிகுதி. ‘நம்முடைய ஆள்தானே’ என்று தொடங்கும் உடன்பாடு, பெரும்பாலும் ‘நீயும் ஒரு மனிதனா’ என்று முடிகின்றது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குச் செய்யும் குத்தகை, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதிக் கையொப்பமிட்டாலன்றிச் சட்டவலுப் பெறாது. ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்விதியைப் படித்தவரும் அறியாதிருத்தல் வியப்பே. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பாளருக்குப் பெரும் பாதுகாப்பளித்தது. அதனாலேயே வீட்டை வாடகைக்கு விடவே உரிமையாளர் அஞ்சிய காலமும் இருந்தது. பின்வந்த திருத்தங்கள் பல வீடுகளை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தின. தம் வீடு எந்நிலையில் உள்ளதென்பதை நொத்தாரிசிடம் கேட்டறிந்து ஒப்பமிடுக. முற்பணம் எவ்வளவு, எந்நிபந்தனையில் மீளும், கூரை ஒழுகினால் திருத்துபவர் யார், மின்மானியும் நீர்மானியும் காட்டும் எண் என்ன, விட்டுப்போக எத்தனை மாத அறிவித்தல் வேண்டும் என்பன எழுத்தில் இருக்கட்டும். எழுத்து, நட்பைக் கெடுப்பதன்று. மறதியிலிருந்து நட்பைக் காப்பது.

இவ்வளவும் கூறியபின் ஒரு பெருங் குறை நெஞ்சை உறுத்துகின்றது. தேர்க, வினவுக, பார்க்க என்று நாம் எழுதியன யாவும், தேரும் உரிமையுடையார்க்கே பொருந்தும். 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலையிற் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியபோது, அங்கு வாழ்ந்தவர் அவ்விடத்தைத் தேர்ந்து வந்தவரல்லர். இடம் அபாயமானதென்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. செல்வதற்கு வேறிடந்தான் இருக்கவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு சிறு விறாந்தையுமாகத் தலைமுறை தலைமுறையாகத் தொழிலோடு பிணைத்துக் கொடுத்த கூரையின் கீழ் வாழ்பவரை நோக்கி, ‘நல்ல நிலம் பார்த்துக் குடிபுகுக’ என்று கூறல் எள்ளலாகவே முடியும். போரிற் பிறந்த ஊரை இழந்து, ஆண்டுக் கணக்கில் உறவினர் வளவிலும் முகாமிலும் இருந்தவர்க்கும் இவ்வாறே. பாதுகாப்பான நிலத்தைத் தேரும் உரிமை பணமுள்ளவர்க்கும் அரசாங்க உத்தியோகத்தர்க்கும் மட்டும் வாய்ப்பதாக இருக்குமளவும், இத்தீவில் வீட்டுப் பிரச்சினை தீர்ந்ததெனக் கூற யார்க்கும் உரிமை இல்லை. தமக்கென ஓர் இடம் தேடும் ஆசிரியர், தம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை எத்தகைய கூரையின் கீழிருந்து வருகின்றது என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

ஆசிரிய அன்பர்களுக்கு முடிவாக ஒரு வேண்டுகோள். இத்தவணையில் மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி கொடுக்கும்போது, ‘நான் ஒரு பழைய குடை பேசுகிறேன்’ என்பது போன்ற தலைப்புகளைச் சிறிது ஒதுக்கிவைத்து, ‘எங்கள் வீடும் அதன் நிலமும்’ என்றொரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். கிணறு எப்போது வற்றும், மழைநீர் எத்திசையாக ஓடும், எந்தக் காற்று எந்தச் சாளரத்தால் வரும், ஊர்ப்பெயரின் பொருள் யாது, அயலில் யார் யார் உளர் என்பவற்றைப் பிள்ளைகள் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதட்டும். சில விடைத்தாள்களிற் சொற்பிழை மிகுந்திருக்கலாம். ஆயினும் அவ்வூரைப் பற்றி ஆசிரியர் அறியாத செய்தி அவற்றுள் நிறைய இருக்கும். புதிதாக அவ்வூருக்கு வந்து வீடு தேடுபவராயின், தரகரைத் தேடுமுன் அத்தாள்களைத் திருத்துவாராக.